பூச்சி தொடாத பன்னிரண்டாம் வரிசை

"உன் செடி ஜெயிச்சுதுன்னா என் பொழப்பு என்ன ஆகும், சொல்லு பாப்போம்."

"என்ன ஆகும்?"

"பூச்சியே வராத கத்தரிக்காய்க்கு மருந்தடிக்க ஆள் எதுக்கு? வீட்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு, நீ எப்ப வருவேன்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"வெங்காயம் உரிச்சா உங்களுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுமே."

"கொட்டட்டும். இத்தனை வருஷம் நீ உரிச்சு அழுதேல்ல, இனிமே நான் அழுவுறேன்."

நாலு மாதத்துக்கு முன்பு, வேலை முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டது இது. முன் சீட்டில் இருந்த அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சரி, உரிங்க. நாளையிலிருந்தே உரிங்க" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

நாங்கள் இருவரும் ஒரே காய்கறி விதைப் பண்ணையில் வேலை பார்க்கிறோம். எனக்கு எண்ணுகிற வேலை. ஒரு வரிசையில் எத்தனை தண்டு வாடித் தொங்குகிறது, பறித்த காயில் எத்தனை ஓட்டை, ஓட்டைக்குள் புழு இருக்கிறதா, தின்றுவிட்டுப் போய்விட்டதா எல்லாம் எண்ணி அட்டையில் குறிப்பேன். பத்தொன்பது வருஷமாக எண்ணுவதால் பண்ணையிலும் வீட்டிலும் எனக்குக் 'கணக்கம்மா' என்றே பெயர். அவருக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, விதைக்கு விட்ட வயல்களில் வரிசை வரிசையாக நடப்பார். அவரை எல்லோரும் 'மழை' என்பார்கள். "மழை வருது, நகருங்கடி!" என்று களையெடுக்கும் பெண்கள் கத்துவார்கள். அவரும் முகமூடிக்குள்ளிருந்து இடி மாதிரி ஒரு சத்தம் கொடுப்பார்.

அவருடைய சட்டைப் பட்டனைத் தினமும் காலையில் நான்தான் போட்டுவிடுகிறேன். முதலில் மேல் பட்டன் மட்டும். "நீ போட்டுவிட்டா ராசியா இருக்கு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து இப்படி ஒரு கொஞ்சலா என்று எனக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. அந்த மாதம் முழுக்கக் காரணமில்லாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு இரண்டாவது பட்டனும் என் பங்குக்கு வந்தது. ஒருநாள் குளித்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது பட்டனோடு போராடிக்கொண்டிருந்தார். விரல் பட்டனைப் பிடிக்கும், நடுங்கும், நழுவவிடும். மறுபடி பிடிக்கும். நான் சத்தம் காட்டாமல் திரும்பிப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

இப்போது ஐந்து பட்டனும் நான்தான் போடுகிறேன். ராசி என்றே இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

ஆஸ்பத்திரிக்கும் இழுத்துக்கொண்டு போனேன். "இத்தனை வருஷ மருந்து. இனியாவது விலகி இருந்தா, இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை விலகித்தான் இருக்கேன், டாக்டர்" என்று சிரித்தார் இவர். வெளியே வந்து படியிறங்கும்போதாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏன் என்றால், நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். மகள் பிறந்தபோது இவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து நாள், பதினைந்து நாள் வீட்டுக்கு வரமாட்டார். கைக்குழந்தையோடு தனியாக இருக்கப் பயமாயிருக்கிறது, லாரியை விட்டுடுங்க என்றேன். மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாளே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். லாரி என்றால் அவருக்கு உயிர். இப்போதும் தெருவில் ஒரு லாரி திணறி ஏறினால், இருந்த இடத்திலேயே அவர் இடதுகால் கிளட்ச்சை மிதிக்கும். எட்டு மாதம் வேலையில்லாமல் அலைந்தார். மருந்தடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மேனேஜரிடம் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

ஒரு மனுஷனை எத்தனை தடவை இறங்கச் சொல்வது? மாட்டேன் என்று சொல்வாரோ என்று எனக்குப் பயமில்லை. சரி என்று சொல்லிவிடுவார். அதுதான் பயம்.

அதனால் நான் ஒரு செடியை நம்பினேன்.

பண்ணையில் செடிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் புது ரகம் உண்டாக்குகிறவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். சுண்டைக்காய் அளவே காய்க்கிற, வாயில் வைக்க முடியாத கசப்புள்ள ஒரு காட்டுக் கத்தரியை நல்ல ரகத்தோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி ஒரு ரகம் எடுத்திருந்தார். அதன் இலையில் சொரசொரவென்று அடர்த்தியாக முடி. பூச்சி உட்கார்ந்து முட்டையிட வாகு கிடைக்காது. தண்டு உள்ளே கெட்டி. காயின் தலையில் இருக்கிற பச்சைக் குல்லா அப்படி இறுக்கிப் பிடித்திருக்கும், அன்று முட்டை பொரிந்து வந்த புழுவுக்கு நுழைய இடுக்கு இருக்காது. மருந்தில்லாமல் தன்னைத் தானே காத்துக்கொள்கிற செடி. அது தேறிவிட்டால் மருந்தடிக்கிற வேலை தானாகக் குறையும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. செடியே அவரை இறக்கிவிடும்.

அப்படிப்பட்ட ரகங்களைச் சோதிக்கிற வயலில் ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது. அங்கே பூச்சி வரத்தான் வேண்டும். பூச்சிக்குப் பிடித்தமான ரகத்தைச் சுற்றிலும் நட்டு அதை வரவழைப்போம். அதற்கு 'விருந்து வரிசை' என்று பெயர் வைத்திருக்கிறோம். நடுவில் மூன்று பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் அதே முப்பது ரகம், வரிசையை மட்டும் கலைத்துப் போட்டு நட்டிருக்கும். குச்சியில் நம்பர்தான் இருக்கும். எந்த நம்பர் எந்த ரகம் என்கிற தாள் டாக்டரம்மாவின் மேசைக்குள் பூட்டிக் கிடக்கும். எண்ணுகிறவளுக்குத் தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யும் என்பார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கண் சொல்லவில்லை, முடி அடர்ந்த இலையைத் தொட்ட கை சொல்லிவிட்டது. முதல் பாத்தியில் பன்னிரண்டாவது வரிசை, இரண்டாவது பாத்தியில் இருபத்தேழு. தெரிந்ததை விழுங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் இவர் மூன்று நாள் தாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தள்ளிப் போங்க. பன்னெண்டாம் வரிசை மாதிரியே குத்துது" என்று சொல்லிவிட்டேன். "அது யாரு பன்னெண்டாம் வரிசை?" என்று கேட்டார். சொன்னேன். இருபத்தேழையும் சொன்னேன். மூன்றாவது பாத்தி ஒரு வாரம் தாமதமாக நட்டது. இலை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. அதில் எது என்று எனக்கே தெரியாது.

இந்த வாரம் திங்கட்கிழமை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கம்மா, உக்காரு."

"வேண்டாம்மா, கையெல்லாம் மண்ணு."

"மண்ணுலதான் நம்ம ரெண்டு பேர் சோறும். உக்காரு." அட்டைகளை என் பக்கம் திருப்பினார். "இது உன் கணக்குதானே? தூக்கத்துல எழுதலையே?"

"என்னம்மா அப்படிச் சொல்லிட்டீங்க?"

"நூறு காய்க்கு நாலு சொத்தை. ரெண்டு பாத்தியிலயும்! விருந்து வரிசையில எழுபத்திரண்டு. இந்தப் புழுகிட்ட இருபத்தாறு வருஷமா தோத்துக்கிட்டு இருக்கேன். தலைமுடியில பாதி இதுதான் தின்னுச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை விதைக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. இது தேறிட்டா, அடுத்த பருவத்துல மருந்தடிக்கிறவங்கள்ல பாதிப் பேரை நாத்தங்காலுக்கு மாத்திடலாம்னு இருக்கேன். உன் வீட்டுக்காரரையும்தான். வருத்தப்படுவாரோ?"

"மாட்டாரும்மா."

"என்ன இவ்வளவு வேகமா சொல்றே?" என்று சிரித்தார். "மூணாவது பாத்தி புதன்கிழமை பறிப்புதானே? எண்ணிக் கொடு. அது இல்லாம வாயைத் திறக்கமாட்டேன்."

இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழே அவர் உட்கார்ந்து தட்டுகளில் மண் நிரப்புகிற மாதிரி நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டேன். விதையை விரலால் பொறுக்கிப் போடுவது கஷ்டம். பரவாயில்லை, தண்ணீர் விடலாம்.

புதன்கிழமை மூன்றாவது பாத்தியை எண்ணினேன். இப்போது அங்கேயும் இலையைத் தொட்டதும் தெரிந்தது: எட்டாவது வரிசை. நூறு காயை அறுத்தேன். முப்பத்தொன்றில் புழு.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று.

தாமதமாக நட்டதால் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, முதல் பாத்திக்குப் போய்ப் பன்னிரண்டாம் வரிசையின் முன்னால் உட்கார்ந்தேன். இவ்வளவு நாளும் வாடிய தண்டை மட்டும் தேடிய கண்ணால் அன்றைக்குத்தான் முழுச் செடியையும் பார்த்தேன். இலைக்கு அடியில் சாறு உறிஞ்சுகிற அசுவினி இல்லை. தத்துப்பூச்சி இல்லை. ஒரு சிலந்தி வலைகூட இல்லை. தள்ளி இருக்கிற வரிசைகளில் எல்லாம் இருக்கின்றன. ஒரு செடி ஒரு பூச்சியை எதிர்த்து நிற்கும், மிஞ்சினால் இரண்டு. ஊரில் இருக்கிற எல்லாரோடும் சண்டை போட்டு யாரும் குடித்தனம் நடத்த முடியாது. செடிக்கும் அதே கதைதான். தூருக்குப் பக்கத்தில் மூன்று பொறிவண்டு மல்லாந்து செத்துக் கிடந்தன. அசுவினியைத் தின்கிற பொறிவண்டு. அது செடியைக் கடிப்பதே இல்லை. செடி எவ்வளவு கசந்தால் அதற்கென்ன?

பதினோராம் வரிசையைப் பார்த்தேன். பன்னிரண்டை ஒட்டிய பக்கத்தில் மட்டும் சுத்தம். மறுபக்கம் வாட்டம். பதின்மூன்றும் அப்படியே. இருபத்தேழுக்கு ஓடினேன். அங்கும் அதே. காற்றில் மருந்து கொஞ்சம் பக்கத்துக்கும் தெறித்திருக்கிறது.

விதை வயலிலிருந்து டேங்க் கழுவுகிற கொட்டகைக்குப் போகும் வழி, இந்தப் பாத்திகளை ஒட்டித்தான் போகிறது. நம்பர் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் டாக்டரம்மா. ஒருத்தி நான்.

வரப்பில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தொன்று கெட்ட கணக்கு இல்லை. எழுபத்திரண்டு சொத்தை விழுகிற இடத்தில் அந்தச் செடி தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. அதை நட்டால் மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம். நிறுத்த முடியாது. நாற்றங்காலுக்கு ஆளை மாற்ற அது போதாது.

ஆனால் 'தாமத நடவு' என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். டாக்டரம்மா என் கணக்கை நம்புவார். வெள்ளிக்கிழமை எல்லாரும் கைதட்டுவார்கள். அடுத்த பருவம் என் வீட்டுக்காரர் நிழல்வலைக்குக் கீழே இருப்பார். பென்சில் அட்டையைத் தொட்டே விட்டது. அப்போதுதான் அந்த விதையை வாங்கப் போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இதற்கு மருந்து வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடுவார்கள். பூ வந்து, காய் வந்து, அறுத்துப் பார்க்கும் அன்றைக்கு ஓடிப்போய் இருமடங்கு மருந்து வாங்கி அடிப்பார்கள். அதை அடிக்கிற கை யாருடைய வீட்டுக்காரருடையதோ.

பொறிவண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் எதையும் எழுதவில்லை. அட்டையைக் கொடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. வாயும் கத்தியும் ஒரே வேகத்தில் ஓடும். பையில் நான் கொண்டுவந்த கத்தரிக்காய்களைக் கொட்டிப் பார்த்தார். புழு இருக்கிற பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது பண்ணை வழக்கம்.

"உங்க வீட்டுக்கு மட்டும்தாம்மா கத்தரிக்காய் ஆபரேஷன் முடிஞ்சு வருது. தையல் போட்டு அனுப்ப மாட்டாங்களா?"

"பாதி காய்க்குத் தையல் எதுக்கு அண்ணி?"

இவர் தேநீர் டம்ளரை அக்காவிடம் நீட்டினார். டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பாதி தட்டில் சிந்தியது.

"டேய், தேத்தண்ணி கொடுக்கிறியா, மேளம் அடிக்கிறியா?"

"உன்னைப் பாத்தாலே நடுக்கம் வருதுக்கா. சின்ன வயசுல வாங்குன அடி மறக்குமா?"

அண்ணி சிரிக்கவில்லை. தம்பி அறைக்குள் போனதும், வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டபடி என்னைப் பார்த்தார். "ராசிங்கிறான், பழக்கம்ங்கிறான். கத்தரிக்காய் முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானேம்மா ஆகணும்? நீயாவது வாயைத் திறந்து கேக்கக்கூடாதா? நான் கேட்டா விளையாட்டாக்கிடுவான்."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

இன்று காலை அண்ணி முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனார். இவர் குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டனுக்காக என் முன்னால் வந்து நின்றார். நான் மேசைமேல் காகிதத்தைப் பிரித்து வைத்தேன்.

"காலங்காத்தால என்ன இது?"

"வயல்ல கிடந்துச்சு."

"எந்த வரிசை?"

"நீங்களே சொல்லுங்க."

பொறிவண்டை ஒரு விரலால் புரட்டப் பார்த்தார். விரல் அதை உருட்டி விட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணாவது பாத்தியில எதுன்னு நீ சொல்லவே இல்லையே, கணக்கம்மா" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. "எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"அஞ்சு. டேங்க்ல மிச்சம் இருந்த நாள்ல மட்டும். கழுவப் போற வழிதானே."

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? வீட்டுக்கு வந்தா அதே பேச்சு. தூக்கத்துலகூட நம்பர் சொல்றே. மகளுக்குப் பரீட்சைன்னாகூட நீ இப்படித் தவிச்சதில்ல. ஒருநாள் அதுல ரெண்டு தண்டு வாடியிருக்குன்னு சாப்பிடாம படுத்தே, ஞாபகம் இருக்கா? மறுநாள்தான் முதல் தடவை அடிச்சேன்."

"அது ஜெயிச்சா உங்க வேலை போகும்னு தெரியாதா?"

"தெரியும். பஸ்ல நான்தானே சொன்னேன்."

"தெரிஞ்சுமா?"

"என் வேலை கிடக்குது. உனக்கு அது ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

தெருவில் ஒரு லாரி திணறிக்கொண்டு ஏறியது. அவருடைய இடதுகால் தரையை அழுத்தியது. அவருக்கே தெரியாமல்.

"இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன்" என்றேன். "முப்பத்தொண்ணுதான் உண்மையான கணக்குன்னு."

"உன் வேலை போயிடும்."

"போகலாம். நம்பரை வெளியே விட்டது நான்தானே?"

"நான் போய்ச் சொல்றேன். நீ சொல்லல, நானே பாத்துக் கண்டுபிடிச்சேன்னு..."

"மறுபடி பொய்யா? ஒண்ணையே இன்னும் சுமந்து முடிக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "பஸ் போயிடும். இன்னிக்குத் தக்காளி வயல் முழுக்க நான்தான் அடிக்கணும். வா, பட்டனைப் போடு. அங்க போய்ப் பேசிக்கலாம்."

வழக்கம்போல முகவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார். மேல் பட்டனைப் பிடித்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த மருந்து வாசனை காலரில் இருந்தது. என் விரல்களும் நடுங்குவதைப் பார்த்தேன். பட்டனைத் துளையில் நுழைக்கவில்லை. விடவும் இல்லை.

"என்ன, உனக்கும் தொத்திக்கிச்சா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"அந்தச் செடி எதுக்கு ஜெயிக்கணும்னு நினைச்சேன், ஒருநாளாவது கேட்டீங்களா?"

"எதுக்கு?"

"உங்ககிட்ட நான் ஒண்ணைக் கேக்காம தப்பிச்சுக்கலாம்னுதான். ஒரு தடவை லாரியிலேர்ந்து இறங்கச் சொன்னேன். நீங்க இறங்கிட்டீங்க. எட்டு மாசம் உங்க முகத்தைப் பாக்க முடியல என்னால. இந்த டேங்க்கையும் நான்தான் உங்க முதுகுல ஏத்துனேன். அதனாலதான் இவ்வளவு நாளும் வாய் வரல." பட்டனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "செடி பாதிதான் செஞ்சுது. மீதியை நான்தான் கேட்டாகணும். மருந்தடிக்கிற வேலையை விட்டுடுங்க. தக்காளி வயலுக்கு இன்னிக்குப் போகாதீங்க."